ஹேங் ஆன லினக்ஸ்: பவர் பட்டனுக்கு முன், சூடோவுக்கு முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், தோட்டங்களை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில், டியூஷன் வகுப்பிலும் கோயில் மண்டப நூலகத்திலும் இருக்கும் மடிக்கணினிகள் பல ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. நாலு ஜிபி ரேம்தான் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்காது. அவற்றைக் குப்பையில் போட மனம் வராமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றி ஓட்டுகிறோம். நன்றாகவே ஓடுகின்றன, அவ்வப்போது "அண்ணே, ஹேங் ஆயிருச்சு லா" என்று குரல் வருவதைத் தவிர.

அந்தக் குரல் வருவதற்குள் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்து முடித்திருப்பார்கள். ஒன்று, பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. மற்றது, கைப்பேசியில் தேடி எடுத்த ஏதோ ஒரு சூடோ கட்டளையை, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் கட்டளையை, அடித்துப் பார்ப்பது. முதலாவதில் சேமிக்காத கட்டுரை போகும், பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டாவதில் கணினியே போகலாம். உறைந்த திரையை விடுவிக்க நிர்வாகி அதிகாரம் தேவைப்படுவது அபூர்வம். எங்கே தேவையில்லை, எங்கே நிஜமாகவே தேவை என்பதை அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோல் எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து என்று தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்துதான். 'கோடு' என்றால் கழித்தல் குறி. சொல்வதெல்லாம் மின்ட் 22, அதன் அடித்தளமான உபுண்டு 24.04 இரண்டையும் வைத்து.

மவுஸ் நகர்கிறது, ஒரே ஒரு ஜன்னல் மட்டும் அசையவில்லை

இது கணினி ஹேங் ஆனதல்ல, ஒரு செயலி மாட்டிக்கொண்டது. அரை நிமிடம் பொறுங்கள். ஆல்ட் எஃப்4 அழுத்துங்கள். மசியவில்லை என்றால், மின்ட்டில், கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எக்ஸ்-கே-ஐ-எல்-எல் என்று அடித்தால் மவுஸ் குறி மாறும், பிடிவாதம் பிடிக்கும் ஜன்னல்மேல் ஒரு கிளிக். முடிந்தது. இங்கே சூடோ எதற்கும் வேண்டாம். நீங்கள் தொடங்கிய செயலியை நீங்களே கொல்லலாம் என்பது லினக்ஸின் அடிப்படை விதி.

மவுஸ் நகர்கிறது, கீழே உள்ள பட்டையும் மெனுவும் வேலை செய்யவில்லை

மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு முறை சிமிட்டும், சின்னமன் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். உபுண்டுவில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே வேலண்ட் என்ற திரை ஏற்பாட்டில் டெஸ்க்டாப்பை ஓட்டும் நிரலும் திரையை வரையும் நிரலும் ஒன்றேதான், அதை மறுபடி தொடக்கினால் திறந்திருந்த எல்லாமே சேர்ந்து போகும்.

எல்லாம் ஆமை வேகம், டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது

நம் ஊர் கணினிகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான். பிரௌசரில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் ஒரு பக்கம், காணொலி ஒரு பக்கம், புலனம் (வாட்ஸ்அப்) ஒரு பக்கம், நடுவில் போஸ்டர் செய்யும் தளம் வேறு. நாலு ஜிபி தாங்காது. ரேம் நிறைந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ரேமில் உள்ள பழைய தரவுகளை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும், உடனே அவையே வேண்டும் என்று திரும்ப எடுக்கும். தள்ளுவதும் எடுப்பதுமாகவே நேரம் போகும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மவுஸ் நகர்வதற்கே பல விநாடி ஆகும். நினைவகம் அடியோடு தீர்ந்தால் ஏதாவதொரு செயலியைக் கொன்று வழிவிடும் ஏற்பாடு கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் அது எழுந்து வருவதற்குள் நம் பொறுமை தீர்ந்துவிடும்.

முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அழுத்திவிட்டு ஒரு நிமிடமாவது கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். மறுபடி மறுபடி அழுத்தினால் அதெல்லாம் வரிசையில் நின்று பிறகு ஒன்றாக வந்து விழும். கறுப்புத் திரையில் பெயர் கேட்கும், அடுத்துக் கடவுச்சொல். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயப்படாமல் அடித்து முடித்து எண்டர் தட்டுங்கள்.

உள்ளே போனதும் டி-ஓ-பி (டெர்மினலின் டி, பவரின் பி). ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வரும். ஷிஃப்டோடு எம் அழுத்தினால் நினைவகம் அதிகம் தின்பவை மேலே வந்து நிற்கும். முதல் வரியில் இருப்பவரின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். கே அழுத்தி, அந்த எண்ணை அடித்து, எண்டர். எந்தச் சமிக்ஞை என்று கேட்கும். 15 என்றால் "தயவுசெய்து மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு", 9 என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. முதலில் 15, பத்து விநாடி கழித்தும் போகவில்லை என்றால் 9. க்யூ அழுத்தி வெளியே வாருங்கள். பிரௌசர்தான் காரணம் என்று தெரிந்தால் பட்டியலுக்கே போகாமல் பி-கே-ஐ-எல்-எல் (பவரின் பி), இடைவெளி, ஃபயர்ஃபாக்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். திரும்பிப் போக மின்ட்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. உபுண்டுவில் எஃப்2.

இதுவரை ஒரு முறைகூட சூடோ வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

9 போட்டும் சாகாத செயலி ஒன்று இருந்தால் பட்டியலில் எஸ் என்று தலைப்பிட்ட பத்தியைப் பாருங்கள். அங்கே பெரிய டி (டிஸ்க்கின் டி) இருந்தால் அது டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் உள்ளதை நிர்வாகியாலும் கொல்ல முடியாது. சூடோ போட்டு மோதிப் பயனில்லை, சிக்கல் செயலியிடம் இல்லை. டிஸ்க்கோ, சொருகிய பென்டிரைவோ, அதன் கேபிளோ தகராறு செய்கிறது.

இது அடிக்கடி வருகிறதென்றால் எஃப்-ஆர்-ஈ-ஈ, இடைவெளி, கோடு, எச் அடித்து ஸ்வாப் வரியைப் பாருங்கள். சுழியமாக இருந்தால் ரேம் நிறைந்த கணமே திரை நிற்கும், ஒரு ஸ்வாப் கோப்பு போட வேண்டும். அதோடு எர்லிஊம் (ஈ-ஏ-ஆர்-எல்-ஒய்-ஓ-ஓ-எம்) என்ற சிறு நிரலை மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுங்கள். ரேமிலும் ஸ்வாப்பிலும் மீதமுள்ள இடம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் அதுவே பெரிய தீனிக்காரனை மூடிவிடும். பிரௌசரின் ஒரு பக்கம் திடீரென்று செத்துப்போகும், கணினி பிழைக்கும். மலிவான தீர்வு இதுதான். அதைவிட நல்லது இன்னொரு நாலு ஜிபி ரேம் குச்சி வாங்கிப் போடுவது.

மவுஸும் நின்றுவிட்டது

கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, மேலே சொன்ன எஃப்3 வழியை முயலுங்கள். விளக்கு மாறவில்லை என்பதாலேயே கெர்னல் செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. டெஸ்க்டாப் ஓடும்போது அந்த விளக்கை இயக்குவதும் திரைச் சேவையின் வேலைதான். அது மட்டும் மாட்டிக்கொண்டிருந்தாலும் விளக்கு அசையாது, எஃப்3-யும் வேலை செய்யாது. நீங்கள் தொடாமலே விளக்கு தானாக மினுக்கினால் அது வேறு கதை: கெர்னலே விழுந்துவிட்டது, மீட்க எதுவும் இல்லை.

மினுக்கவில்லை, இரண்டு மூன்று நிமிடம் காத்தும் மாற்றம் இல்லை என்றால் பவர் பட்டனுக்கு முன் ஒரு வழி இருக்கிறது. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ், சில விநாடி விட்டு யு, மறுபடி சில விநாடி விட்டு பி (பிரௌசரின் பி). எஸ் டிஸ்க்குக்குப் போகவேண்டியதை எழுதி முடிக்கும். யு டிஸ்க்கை எழுத முடியாதபடி பூட்டும். பி மறுதொடக்கம் செய்யும். சேமிக்காத கட்டுரையை இது காப்பாற்றாது, டிஸ்க்கில் இருப்பதைக் கெடாமல் காக்கும்.

இணையத்தில் ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி என்று ஆறு எழுத்து போட்டிருப்பார்கள். உபுண்டுவும் மின்ட்டும் இந்த வசதியை 176 என்ற மதிப்போடு தருகின்றன. அது 128, 32, 16 மூன்றின் கூட்டுத்தொகை: மறுதொடக்கம், டிஸ்க்கைப் பூட்டுதல், எழுதி முடித்தல். முதல் மூன்று எழுத்துக்கு அனுமதி கிடையாது, அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மதிப்பை 244 ஆக்கினால் ஆறும் வேலை செய்யும், நிர்வாகிக்கு அது ஒரு வரி வேலை. வீட்டுக் கணினியில் செய்துகொள்ளலாம். பலர் உட்காரும் கணினியில் நான் மாற்றுவதில்லை, ஏனென்றால் பூட்டிய திரைக்குப் பின்னால் ஓடும் செயலிகளைக்கூட விசைப்பலகை முன் நிற்கும் எவரும் கொல்ல அது வழி திறந்துவிடும்.

எதுவும் நடக்கவில்லையா, சரி, இப்போது பவர் பட்டன்.

மறுபடி எழுந்துவிட்டது, ஏன் விழுந்தது என்று தெரியவில்லை

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எழுந்த சூட்டோடு டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையை அடியுங்கள்: ஜே-ஓ-யு-ஆர்-என்-ஏ-எல்-சி-டி-எல், இடைவெளி, கோடு பி (பிரௌசரின் பி), இடைவெளி, கோடு 1, இடைவெளி, கோடு ஈ. கடந்த முறை ஓடியபோது கடைசியாக எழுதிய குறிப்புகள் வரும். நிர்வாகி கணக்கில் இருந்தால் சூடோ இல்லாமலே படிக்கலாம். நினைவகம் தீர்ந்தது என்ற வரி இருந்தால் மேலே சொன்ன கதை. ஐ, ஓ என்ற இரண்டு எழுத்தோடு பிழை என்று வரிசையாக வந்தால் டிஸ்க் போகப் போகிறது. அன்றைக்கே பிள்ளைகளின் ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. எதுவுமே இல்லாமல் குறிப்பு திடீரென்று அறுந்திருந்தால் சூடு அல்லது மின்சாரம். விசிறியில் அடைந்த தூசியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வராத வாரம் இங்கே குறைவு. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியை வானம் கறுத்ததும் அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி வையுங்கள்.

மின்சாரம் அறுந்து வந்தபின் டெஸ்க்டாப் வராமல் இனிட்ராம்எஃப்எஸ் என்று கறுப்புத் திரையில் நின்றால் கோப்பு முறையைச் சரிபார்க்கச் சொல்கிறது. எந்தப் பகுதி என்று அதே திரையில், சில வரி மேலே சொல்லியிருக்கும். எஃப்-எஸ்-சி-கே, இடைவெளி, கோடு ஒய், இடைவெளி, பிறகு அந்தப் பகுதியின் பெயர். முடிந்ததும் ஈ-எக்ஸ்-ஐ-டி (டெர்மினலின் டி). ஒரு தடவை இப்படி வந்தால் மின்சாரத்தைக் குறை சொல்லலாம். மாதம் தவறாமல் வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கடவுச்சொல்லை ஏற்கிறது, மறுபடி அதே உள்நுழைவுத் திரைக்கு வருகிறது

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எஃப்3 திரையில் நுழைந்து டி-எஃப் (டிஸ்க்கின் டி), இடைவெளி, கோடு, எச் அடியுங்கள். மூலப் பகுதி (சாய்கோடு மட்டும் இருக்கும் வரி) 100 விழுக்காடு என்றால் இடம் நிறைந்துவிட்டது. டெஸ்க்டாப் தொடங்க நாலு சின்ன கோப்புகளை எழுதியாக வேண்டும், எழுத இடமில்லை. எக்ஸ்ட்4 கோப்பு முறை வழக்கமாக ஐந்து விழுக்காடு இடத்தை ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் டிஸ்க் நிறைந்தும் கறுப்புத் திரையில் நுழைந்து வேலை பார்க்க முடிகிறது. பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் படங்களை அழிக்க உங்கள் கணக்கே போதும். மின்ட்டில் இன்னொரு திருடன் உண்டு: கணினியைப் பழைய நிலைக்கு மீட்க உதவும் டைம்ஷிஃப்ட் நிரல் எடுத்து வைக்கும் பழைய பிரதிகள். தனி டிஸ்க் காட்டாவிட்டால் அவை அதே பகுதியில்தான் குவியும். அவற்றை அழிக்க மட்டும் சூடோ வேண்டும். கோப்புறையைக் கையால் அழிக்காமல் டைம்ஷிஃப்ட்டின் சொந்த நீக்கும் கட்டளையாலேயே அழியுங்கள்.

இடம் இருக்கிறது, ஆனாலும் திரும்பி வருகிறது என்றால் எல்-எஸ், இடைவெளி, கோடு எல்-ஏ. உங்கள் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஆத்தாரிட்டி (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் யாரோ டெஸ்க்டாப்பையோ ஒரு வரைகலைச் செயலியையோ சூடோ போட்டுத் திறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் கோப்பு ரூட்டின் சொத்தாகிவிட்டது, உங்களால் அதில் எழுத முடியவில்லை, டெஸ்க்டாப் விழுகிறது. இதைத் தீர்க்கவும் இன்னொரு சூடோவைத் தேடிப் போகவேண்டாம். கோப்புறை உங்களுடையது என்பதால் உள்ளே இருக்கும் கோப்பின் பெயரை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. எம்-வி கட்டளையால் அதன் பெயர் முடிவில் பழையது என்று பொருள்படும் ஏதாவது ஒன்றை ஒட்டிவிட்டு, மறுபடி உள்நுழையுங்கள். கணினி புதிய கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

கடவுச்சொல்லையே ஏற்கவில்லை

தமிழ் தட்டச்சு அமைப்பைச் சேர்த்து வைத்திருக்கும் கணினியில் முதலில் அதைப் பாருங்கள். பூட்டும்போது தமிழில் இருந்தால் திறக்கும்போதும் தமிழில்தான் இருக்கும். புள்ளிகளாகத் தெரிவதால் எந்த எழுத்து விழுகிறது என்று புரியாது. எஃப்3 திரையில் அதே கடவுச்சொல் வேலை செய்தால் கணக்கில் குறை இல்லை, விசைப்பலகை அமைப்பில்தான்.

அனுமதி இல்லை என்கிறது, எதையும் சேமிக்க முடியவில்லை

நிதானம் தேவைப்படும் இடம் இது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் சிமாட் 777 கட்டளையைத்தான் தேடினால் முதலில் காட்டும். அதை மூலக் கோப்புறையில் அடியோடு போட்டால், சூடோ நிரலுக்கு ரூட்டாக ஓடக் கொடுத்திருந்த தனி அனுமதியும் அழிந்து, சூடோவே வேலை செய்ய மறுக்கும். நிர்வாகி அதிகாரத்தை வைத்தே நிர்வாகி அதிகாரத்தை ஒழித்துவிட்டீர்கள். டைம்ஷிஃப்ட் பிரதி இருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் மறுபடி நிறுவவேண்டியதுதான்.

பிழைச் செய்தியில் ரீட் ஒன்லி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது உரிமைப் பிரச்சினையே அல்ல. டிஸ்க்கில் பிழை கண்டதும் மேலும் கெடாமலிருக்கக் கெர்னலே எழுதுவதை நிறுத்திவிட்டது. நகல் எடுங்கள், மறுதொடக்கம் செய்து சரிபார்க்க விடுங்கள். அந்தச் சொல் இல்லை, ஒரே ஒரு கோப்பு மட்டும் மறுக்கிறது என்றால், அந்த ஒரு கோப்பின் உரிமையாளரை மட்டும் மாற்றுங்கள்.

பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்று மிரட்டுகிறது

மிரட்டல் ஒன்றுமில்லை, யார் சூடோ போடலாம் என்று சொல்லும் கோப்பு அது, நீங்கள் சாதாரணக் கணக்கில் இருக்கிறீர்கள். மாணவர்கள் இந்தச் செய்தியைப் பார்த்தால் கணக்குகளைச் சரியாக அமைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

நிறுவும்போது உருவாக்கும் முதல் கணக்கு நிர்வாகியாகத்தான் பிறக்கும். ரூட் கணக்கு பூட்டியே இருக்கும், அதைத் திறக்காதீர்கள். சூடோ 1980 வாக்கில் பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்ததன் நோக்கமே ரூட் கடவுச்சொல்லைப் பலருக்குக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுப்பதுதான். யார், எப்போது, எந்தக் கட்டளையை சூடோவோடு அடித்தார் என்பது பதிவுக் கோப்பில் ஏறும். எல்லோரும் ஒரே கணக்கில் உட்கார்ந்தால் அந்தப் பதிவால் பயனில்லை.

பகிரும் கணினியில் மூன்று கணக்கு போதும். மாணவருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, இரண்டும் சாதாரணக் கணக்கு. மூன்றாவது நிர்வாகி, அதில் யாரும் பாடம் படிப்பதில்லை, புதுப்பிப்புக்கு மட்டும். ஏற்கெனவே நிர்வாகியாக இருக்கும் கணக்கைச் சாதாரணமாக்க விரும்பினால் வரிசை முக்கியம். முதலில் புதிய நிர்வாகி கணக்கை உருவாக்குங்கள், அதில் நுழைந்து ஒரு சூடோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள், வேலை செய்த பிறகே பழையதன் வகையை மாற்றுங்கள். வரிசை மாறினால் வீட்டுக்குள் யாரிடமும் சாவி இருக்காது.

டெர்மினலில் ஒருவரை ஒரு குழுவில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டும் வேண்டும். ஏ விட்டுப்போனால் சொன்ன குழுவில் மட்டும் இருப்பார், சூடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து நீங்கிவிடுவார். அடுத்த முறை உள்நுழையும்போதுதான் அது தெரியவரும்.

உபுண்டுவில் ஒரு முறை கடவுச்சொல் கொடுத்தால் அந்த டெர்மினல் 15 நிமிடம் மறுபடி கேட்காது. நிர்வாகி வேலை முடிந்து எழுந்துபோகும் முன் சூடோ, இடைவெளி, கோடு கே என்று அடித்தால் உடனே மறந்துவிடும். புதுப்பிப்பையும் தள்ளிப்போடாதீர்கள். 2021 ஜனவரியில் சூடோவிலேயே ஒரு ஓட்டை வெளிவந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக உள்ளே இருந்திருக்கிறது. சாதாரணக் கணக்கில் இருப்பவரும் அதன் வழியாக ரூட் ஆகலாம். புதுப்பித்த கணினிகளில் அது அடைபட்டுவிட்டது.

நிர்வாகி யாருமே இல்லாமல் போய்விட்டது

கணினியைத் தொடக்கும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை, பிடித்தால் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும். மேம்பட்ட தேர்வுகள், அதில் மீட்பு முறை, அதில் ரூட். டிஸ்க் எழுத முடியாத நிலையில் இருக்கும், மவுண்ட் கட்டளையால் மறுபடி எழுதும்படி ஏற்றுங்கள்: எம்-ஓ-யு-என்-டி, இடைவெளி, கோடு ஓ, இடைவெளி, ரீமவுண்ட் என்ற சொல், காற்புள்ளி, ஆர்-டபிள்யு, இடைவெளி, சாய்கோடு. பிறகு மேலே சொன்ன ஏ, ஜி இரண்டோடு யூசர்மாட், சூடோ குழு, உங்கள் கணக்குப் பெயர். மறுதொடக்கம்.

இந்த வழி கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். விசைப்பலகை முன் உட்கார்ந்தவர், விஷயம் தெரிந்தவராக இருந்தால், நிர்வாகி ஆகிவிடலாம். சாதாரணக் கணக்கு கைத்தவறுகளைத் தடுக்கும், வேண்டுமென்றே செய்பவரைத் தடுக்காது. கட்டணக் கணக்கும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் கணினி என்றால் நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யும் தேர்வை எடுங்கள். அந்தக் கடவுத்தொடர் மறந்தால் மீட்பு முறையும் உதவாது, எதுவும் உதவாது. ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சங்க அலமாரியில் பூட்டி வையுங்கள்.